பூச்சு போனதா, மறைந்ததா: நாற்பது சலவைகளின் குறிப்பேடு

மூன்று வருடம் போட்ட மழைக்கோட்டைத் தூக்கிப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். வாங்கிய புதிதில் மழைத்துளி அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போதோ தோளில் விழும் துளி அப்படியே ஊறி, கறுத்துப் படர்கிறது.

"அக்கா, இதோட ஆயுசு முடிஞ்சுது. துவைச்சுத் துவைச்சே மேல இருந்த பூச்சு போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு எப்படிடா சொல்ற?"

அவனிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னிடமும் இல்லை. துணியோடு ரொம்ப காலமாகப் புழங்குகிறேன். தைப்பேன், பிரிப்பேன், சாயம் போட்டிருக்கிறேன். ஆனால் சலவை ஒரு பூச்சை என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. அன்று இரவு ஒரு நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் மூன்று துணிகளை எழுதினேன். ஒன்று தம்பியின் நைலான் மழைக்கோட்டு. அடுத்தது சுருக்கம் விழாத பருத்திச் சட்டை, கூடவே அதே கனத்தில் பூச்சில்லாத சாதாரணப் பருத்திச் சட்டை ஒன்று. மூன்றாவது, வியர்வையை இழுத்துப் பரப்பும் பாலியெஸ்டர் டி-ஷர்ட் இரண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். சட்டைகளும் டி-ஷர்ட்டுகளும் வெட்டிச் சோதிப்பதற்கென்றே வாங்கியவை. இரண்டு சட்டைகளையும் தம்பி மாற்றி மாற்றி வேலைக்குப் போட்டுப் போனான். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சலவை வீதம் நாற்பது சலவை முடியப் பத்து மாதம் பிடித்தது.

எல்லாமே ஒரே மெஷின், 40 டிகிரி தண்ணீர், திரவ டிடர்ஜென்ட் அளவுமூடியில் ஒரே கோடு வரை. ஆலைகளில் ஐ.எஸ்.ஓ. 6330 என்ற தரநிலைப்படி எடை, வெப்பம், சுழற்சி எல்லாவற்றையும் கட்டிப்போட்டுத் துவைப்பார்கள். அந்த ஒழுங்கு வீட்டில் வராது. ஆனாலும் இரண்டு துணியை ஒன்றோடொன்று ஒப்பிட, எதை மாற்றினோம் எதை மாற்றவில்லை என்று தெரிந்தால் போதும்.

முதலில் கோட்டு. நீர் ஒட்டாத தன்மையைச் சோதிக்க ஆலைகளில் ஒரு எளிய முறை உண்டு. துணியை வளையத்தில் இழுத்து மாட்டி, 45 டிகிரி சாய்த்து வைத்து, 15 செ.மீ. உயரத்திலிருந்து 250 மில்லி தண்ணீரைப் பூவாளி போன்ற மூக்கு வழியாக அரை நிமிடத்துக்குள் பொழிய விடுவார்கள். அப்புறம் வளையத்தைத் தட்டி உதறிவிட்டு, ஈரம் பிடித்திருப்பதைப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். துளிகூட ஒட்டாவிட்டால் 100. அங்கங்கே லேசாக ஒட்டினால் 90. துளி விழுந்த இடங்கள் மட்டும் நனைந்தால் 80. மேல்பரப்பு பாதி நனைந்தால் 70, முழுக்க நனைந்தால் 50. பின்பக்கம்வரை ஊறிவிட்டால் 0.

இதை வீட்டில் செய்வது கஷ்டமே இல்லை. எம்ப்ராய்டரி வளையம் என்னிடம் இருந்தது. ஒரு பாட்டில் மூடியில் சூடு காட்டிய ஊசியால் 19 ஓட்டை போட்டேன். உண்மையான கருவியின் மூக்கிலும் 19தான். பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்துத் தலைகீழாகக் கட்டினேன். முதல் தடவை தண்ணீர் 12 விநாடியிலேயே கொட்டித் தீர்ந்துவிட்டது, ஓட்டைகள் பெரிது. மெல்லிய ஊசியால் இன்னொரு மூடி செய்ததும் 27 விநாடி வந்தது. சரி, இது போதும்.

கோட்டை வெட்டத் தேவையில்லை, வளையத்தை நேராக அதன்மேலேயே மாட்டலாம். முதுகு, மார்பு, தோள் என மூன்று இடம் எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் 50. மேல்பரப்பு முழுக்க நனைந்து, துணி கருநீலமாகிவிட்டது. தம்பி சொன்னது சரிதான் என்றே நினைத்தேன்.

அடுத்து, டிடர்ஜென்ட் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். எனக்கே வியப்பாக இருந்தது முதல் அலசல்தான். சோப்பே போடாத மெஷினில் நுரை வந்தது. கண்ணாடிக் கதவில் விரல் தடிமனுக்கு நுரை. முந்தைய சலவைகளின் மிச்சம் அத்தனையும் நூலிடுக்குகளில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது அலசலில்தான் தண்ணீர் தெளிந்தது. நிழலில் காயப்போட்டு மறுநாள் பொழிந்து பார்த்தால் முதுகில் 70, மார்பில் 70, தோளில் 50.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. டிடர்ஜென்ட் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடிக்கும். நீரை விலக்கும் பூச்சின் மேல் அது படிந்தால், எண்ணெய் முனை பூச்சில் ஒட்டிக்கொள்ள, தண்ணீரை விரும்பும் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துளி விழுந்ததும் அந்த முனை அதை வரவேற்று உள்ளே இழுத்துவிடுகிறது. அடியில் பூச்சு அப்படியே இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் எச்சம் அதை வேலை செய்ய விடவில்லை.

அப்புறம் சூடு. இந்தப் பூச்சின் மூலக்கூறுகளில் ஃப்ளோரின் ஏறிய பக்கச் சங்கிலிகள் மயிர்கள் போல வெளிப்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். துவைப்பிலும் உரசலிலும் அவை சாய்ந்துவிடும், புரண்டும் போகும். மிதமான சூடு பட்டால் திரும்பவும் எழும்பி வரிசை கட்டும். பராமரிப்புச் சீட்டில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் ஒரே ஒரு புள்ளி இருந்தது. ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் சுமார் 110 டிகிரி, இரண்டு என்றால் சுமார் 150, மூன்று என்றால் சுமார் 200. குறைந்த சூட்டில் வைத்தேன். ஆனால் இடையில் துணி போடாமல் முன்கையில் நேராகத் தேய்த்தேன். பெட்டி நினைத்ததைவிடச் சூடாக இருந்திருக்கிறது. கட்டைவிரல் நீளத்துக்கு நைலான் மினுமினுவென்று படிந்துவிட்டது. இப்போதும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். நைலான் உருகுவதற்கு வெகுமுன்பே இளகும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே விரிக்காமல் இந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம். மிச்சக் கோட்டு முழுவதையும் துணி விரித்துத்தான் தேய்த்தேன், நீராவி இல்லாமல், ஒரு இடத்தில் நிற்காமல்.

ஆறியதும் பொழிந்தேன். முதுகில் 90. மார்பில் 90. துளிகள் உருண்டு வளையத்தின் ஓரத்துக்கு ஓடின. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை வாங்கி இன்னொரு முறை ஊற்றிப் பார்த்தான்.

தோள் மட்டும் 50லேயே நின்றது. பையின் வார் மூன்று வருடம் உரசிய இடம் அது. ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மார்புப் பக்க நூல் வழவழவென்று உருண்டையாகத் தெரிந்தது. தோள்பக்க நூலில் இழைகள் அறுந்து பூனைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே பூச்சு உண்மையாகவே போய்விட்டது. அதைப் போக்கியது சலவையல்ல, உரசல். கைமுட்டிலும் கழுத்துப்பட்டையின் உள்மடிப்பிலும் இதே கதை. ஆக ஒரே கோட்டில் இரண்டு நிலை இருந்தது: பெரும்பகுதியில் மறைந்த பூச்சு, சில இடங்களில் தொலைந்த பூச்சு.

தொலைந்த இடத்துக்கு மறுபூச்சு போட வேண்டும். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும்: தண்ணீரில் கலந்து துவைப்பது, தெளிப்பது. நான் தெளிப்பதை எடுத்தேன். கலந்து துவைக்கும் வகை உள்பக்க லைனிங்கிலும் ஏறும். வியர்வையை உறிஞ்ச வேண்டிய லைனிங் அதைத் தள்ளிவிட ஆரம்பிக்கும். ஈரக் கோட்டின் தோளிலும் முட்டிலும் தெளித்து, வழிந்ததை ஒற்றி எடுத்து, காய்ந்தபின் துணி விரித்துத் தேய்த்தேன். தோள் 80க்கு வந்தது. அதன்பின் கோட்டு பன்னிரண்டு முறை மெஷினைப் பார்த்துவிட்டது, ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஓர் அலசலோடு. இப்போது முதுகு 90, தோள் 70.

இதனால் உடம்புக்கு என்ன லாபம் என்று தம்பியிடம் கேட்டேன். மழையில் நனையாமல் இருப்பதைவிட, உள்ளே பிசுபிசுப்பு நின்றதுதான் பெரிய விஷயம் என்றான். இது நியாயம். இந்தக் கோட்டுகளில் தண்ணீரை நிஜமாகத் தடுப்பது உள்ளே ஒட்டிய சவ்வு. மேல்பூச்சின் வேலை வெளித்துணி ஊறாமல் பார்த்துக்கொள்வது. வெளித்துணி ஊறிவிட்டால் சவ்வுக்கு மேலே தண்ணீர்ப் போர்வை ஒன்று கிடக்கும். உடம்பின் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே துளிர்த்துவிடும். 'ஒழுகுகிறது' என்று பலர் சொல்வதில் பாதி அவரவர் வியர்வை. சவ்வே பொருக்குப் பொருக்காக உரிந்து, தையல் மேல் ஒட்டிய நாடா கழன்றுவிட்ட கோட்டு வேறு விஷயம். அதற்கு அலசலும் சூடும் உதவாது.

மேல்பூச்சின் ரசாயனம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கோட்டுகளில் எட்டு கார்பன் நீளமுள்ள ஃப்ளோரின் சங்கிலிகள் இருந்தன. நெடுங்காலம் உழைக்கும், எண்ணெயையும் தள்ளும். ஆனால் அதோடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருள் சூழலில் அழியாமல் தங்கிவிடுகிறது என்பதால், 2019இல் ஸ்டாக்ஹோம் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டியவை பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது மெழுகு, சிலிக்கான் அடிப்படையில் ஃப்ளோரின் இல்லாத பூச்சுகள் நிறைய வருகின்றன. மழையை நன்றாகவே தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. கழுத்து எண்ணெயும் வியர்வையும் அதில் சீக்கிரம் படியும். அதனால் 'துவைத்தால் பூச்சு போய்விடும்' என்று பயந்து துவைக்காமல் வைப்பது புது வகைக் கோட்டுக்கு இன்னும் கெடுதல். துவைப்பது முக்கியம்; நன்றாக அலசுவது அதைவிட முக்கியம்.

சட்டையில் நேர் எதிரான கதை நடந்தது.

சுருக்கம் விழாத பருத்தி என்பது பிசின் ஏற்றிச் சூட்டில் வேகவைத்த பருத்தி. பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஈரத்தில் அவை நழுவி, காயும்போது நழுவிய இடத்திலேயே பிடித்துக்கொள்வதுதான் சுருக்கம். பிசின் மூலக்கூறு பக்கத்துச் சங்கிலிகளைக் குறுக்கே பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. நழுவ முடியாது, அதனால் மடித்தாலும் துணி பழைய நிலைக்குத் துள்ளிவிடும். இந்த வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ரூத் பெனெரிட்டோ. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1950களில் வேலையைத் தொடங்கியவர், 2013இல் 97 வயதில் மறைந்தார். செயற்கை இழைகளிடம் பருத்தி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் அதைத் தாங்கிப் பிடித்தவர் என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சோதனை இப்படி: பேன்ட்டுக்குள் போகும் வால்பகுதியிலிருந்து 4 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டுவேன். நடுவில் மடித்து அரைக் கிலோ எடைக்கல்லை ஐந்து நிமிடம் வைப்பேன். கல்லை எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, எத்தனை டிகிரி விரிந்திருக்கிறது என்று கோணமானியில் பார்ப்பேன். பாவு நூல் வாக்கில், அதாவது துணியின் நீளவாக்கில் மட்டும்தான் எடுத்தேன். சாதாரணச் சட்டை 84 டிகிரி. சுருக்கம் விழாதது புதிதில் 132, இருபது சலவைக்குப் பின் 128, நாற்பதுக்குப் பின் 121. பூச்சு அசைந்தே கொடுக்கவில்லை என்று சொல்லலாம். வேதிப் பிணைப்பாக உள்ளே உட்கார்ந்துவிட்டதைச் சலவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்கிறது.

ஆனால் 31ஆவது சலவையில் காலரின் மடிப்பு விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. 34இல் அங்கே நூல் பிசிறியது. 38இல் வலது கஃப்பின் முனையில் ஊடை (குறுக்கு) நூல் நாலைந்து அறுந்து, விறைப்புக்காக உள்ளே இருக்கும் கேன்வாஸ் எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே அதே நாட்கள் உழைத்த சாதாரணச் சட்டை கசங்கிச் சுருங்கி வந்தது, ஆனால் காலர் முழுசாக இருந்தது. சுருக்கத்தைத் தடுக்கும் அதே பாலங்கள்தான் காரணம். நழுவ முடியாத சங்கிலி இழுவையைப் பக்கத்துச் சங்கிலியோடு பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பாரம் ஒரே புள்ளியில் விழுகிறது, இழை வளையாமல் முறிகிறது. பூச்சும் துணியும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பது இந்தப் பத்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டது. கோட்டில் துணி இருந்தது, பூச்சு மறைந்தது. சட்டையில் பூச்சு இருந்தது, துணி முறிந்தது. எது முதலில் போகிறது என்று தெரியாமல் எப்படிப் பராமரிப்பது?

அணியும் சுகமும் மாறியது, ஒரே திசையில் அல்ல. புதுச் சட்டையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ள 14 விநாடி ஆனது. பத்து சலவைக்குப் பின் 4 விநாடி. சாதாரணச் சட்டையில் சொட்டியதும் காணாமல் போனது. பிசின் துணியை விறைப்பாக்கும் என்பதால், அதோடு மென்மையூட்டியும் சேர்த்துத்தான் ஏற்றுவார்கள். அது சலவையில் முதலில் கழுவிப் போகிறது. தம்பி சொன்னதும் இதோடு பொருந்தியது: முதல் மாதம் வழவழப்பு, ஆனால் வெயிலில் புழுக்கம். மூன்றாம் மாதத்திலிருந்து காற்றோட்டம் தேவலை, ஆனால் கழுத்தில் கொஞ்சம் உராய்கிறது.

இந்தச் சட்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் அழுத்திச் சொல்வேன். புதிதாக வாங்கினால் துவைத்த பின்பே அணியுங்கள். பிசினிலிருந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வெளிவரும். தோலில் படும் துணிக்கு ஓகோ-டெக்ஸ் என்ற துணிப் பாதுகாப்புச் சான்று வைத்திருக்கும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 75 பங்கு. நீரில் எளிதில் கரையும் பொருள் என்பதால் முதல் சலவையிலேயே தளர்வாக இருப்பது பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று, குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள். சிலவகைப் பிசின்கள் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இஸ்திரிச் சூடு பட்டதும் துணி மஞ்சளாகி இற்றுவிடும். 20ஆவது சலவைக்குப் பின் நான் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, காலரை நிமிர்த்திவிட்டு, ஸ்பின்னைக் குறைத்துத் துவைக்க ஆரம்பித்தேன். முதல் சலவையிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

டி-ஷர்ட் சோதனை சுருக்கமானது, ஆனால் அதன் விடைதான் எல்லோருக்கும் உடனே உதவும். பாலியெஸ்டர் இழை தானாக ஈரம் குடிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் வரை பிடித்து வைக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை அதில் பரவுவது இழைகளுக்கு இடையிலான நுண்வழிகளாலும், நீரை ஏற்கும் மெல்லிய பூச்சாலும். ஒன்றை டிடர்ஜென்ட்டில் மட்டும், மற்றொன்றை டிடர்ஜென்ட்டோடு துணியை மென்மையாக்கும் கண்டிஷனரும் ஊற்றித் துவைத்தேன். 2.5 செ.மீ. அகலத் துண்டுகளை வெட்டித் தொங்கவிட்டு, முனையை மைத்தண்ணீரில் தொட வைத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தேன்.

புதிதில் 11 செ.மீ. இருபது சலவைக்குப் பின் கண்டிஷனர் காணாதது 9.5. கண்டிஷனர் குடித்தது 3.

கையில் தொட்டால் அந்த 3 செ.மீ. துணிதான் பூ மாதிரி இருந்தது. ஓடிவிட்டு வந்து தம்பி அதை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கண்டிஷனரில் இருப்பது நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புச் சங்கிலிகள். இழை மேல் கொழுப்புப் போர்வையாகப் படிகின்றன. மென்மை அதனால்தான், தண்ணீர் ஏறாததும் அதனால்தான். துவாலை துடைக்காமல் வழுக்குவதற்கும் இதுவே காரணம். கண்டிஷனரை நிறுத்திவிட்டு நான்கு முறை டிடர்ஜென்ட்டில் துவைத்ததும் ஏற்றம் 7 செ.மீ.க்குத் திரும்பியது. இங்கேயும் பூச்சு போகவில்லை, மூடிக் கிடந்தது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சுண்ணாம்புப் படிவும் இதே மாதிரி துணியை விறைக்க வைக்கும். கடைசி அலசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் அதைக் கரைக்கும். ஆனால் பிளீச் போட்ட சலவையில் அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

நாற்பதாவது சலவைக்கு மறுநாள் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உடல் துணி நன்றாக இருந்தது, சுருக்கம் இன்னும் விழவில்லை, காலர் மட்டும் பிய்ந்திருந்தது. காலர், கழுத்தைச் சுற்றிய பட்டையில் (ஸ்டாண்டில்) சேரும் தையலைப் பிளேடு முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். காலரின் அடிப்பக்கம் வெயிலும் உரசலும் படாமல் புதிதாகவே இருந்தது. பிய்ந்த விளிம்பின் மேல் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை வைத்து, சீட்டில் இருந்த இரண்டு புள்ளிச் சூட்டைத் தாண்டாமல் அழுத்தி ஒட்டினேன். பிறகு காலரை மேல்கீழாகத் திருப்பி, அதே ஊசி ஓட்டைகளில் நடு அடையாளத்தைப் பொருத்தித் திரும்பத் தைத்தேன். கஃப் முனையை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே மடித்து ஓரத்தையல் ஓட்டினேன். மொத்தம் ஒன்றே கால் மணி நேர வேலை.

இப்போது சட்டை 47ஆவது சலவையைத் தாண்டியிருக்கிறது. உள்பக்கம் வெளியே, காலர் நிமிர்ந்தபடி, குறைந்த ஸ்பின்னில். நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புது மடிப்பில் இன்னும் கோடு விழவில்லை.